கண்ணும் கருவியும்: கொட்டியார வானிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கிளிவெட்டிக் கிராமம் கொட்டியாரக் குடாவிற்குத் தெற்கே, மூதூரிலிருந்து வெருகலூடாக மட்டக்களப்புக்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது. வயலும் குளமும் சூழ்ந்த அவ்வூரிலிருந்து வடமேற்கே, குடாவிற்கு அப்பால் கிடப்பது சீனன்குடா விமானத்தளம். பயிற்சி விமானமொன்றுக்கு அது சில நிமிடத் தொலைவே. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இவ்வூரின் மேலாகப் பறக்கும் விமானி, வயல் வரம்புகளையும் மகாவலியின் கிளைகளையும் குடாவின் கரைவளைவையும் வடக்கே கோணமலையின் முகட்டையும் தெளிவாகக் காண்பான். அவனுக்கு வழிகாட்டி வேறு வேண்டியதில்லை. கார்த்திகையில் வாடைக்காற்றோடு மாரி இறங்கும்போதோ அதே வானம் வேறாகிவிடுகின்றது. முகில் தாழ்ந்து மழைத்திரை விழுந்ததும் குடாவும் வானும் ஒரே நிறமாகி, தொடுவானம் என்பதொன்று இருந்த சுவடே தெரியாது போகும்.

இவ்விரு வானங்களுக்கும் இருவேறு விதித்தொகுதிகளை உலகம் வகுத்துக்கொண்டுள்ளது. முதலாவது கட்புலப் பறப்பு விதிகள். இரண்டாவது கருவிப் பறப்பு விதிகள். முன்னதில் விமானி வெளியே பார்த்துப் பறக்கிறான். மலையையும் பிற விமானத்தையும் கண்டு விலகுவது அவன் பொறுப்பு. பின்னதில் அவன் தன் முன்னுள்ள கருவிகளையும் வானொலிக் குறிகளையும் தரையிலிருந்து வரும் கட்டளையையும் கொண்டு பறக்கிறான். இவற்றை எளிய நெறியென்றும் உயர்ந்த நெறியென்றும், முன்னது கற்றுக்குட்டிக்குரியது, பின்னது தேர்ந்தவனுக்குரியது என்றும் கருதுவார் பலர். வீட்டிலிருந்தே கணினித் திரையில் பாவனைப் பறப்புப் பயிலும் இளைஞரிடையே இக்கருத்து மிகுதி. வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. யாருடைய சாட்சியத்தை ஏற்பது என்பதிலேயே இவ்விரு நெறிகளும் வேறுபடுகின்றன. ஒரு சாட்சியை விட்டு மற்றொரு சாட்சிக்கு மாறும் எல்லையை விமானி அறியாமற் கடந்தபோதே பெருந்துயர்கள் பல நேர்ந்தன.

இராவணனுடைய புட்பக விமானம் நினைத்த திசையில் நினைத்தவாறு சென்றதெனப் புராணம் கூறும். திருக்கோணமலையில் இராவணன் வெட்டைக் காட்டுவோர் அதனையும் நினைவுகூர்வதுண்டு. மனத்தால் இயங்கிய அவ்விமானத்துக்கு விதிகள் தேவைப்படவில்லை போலும். மனிதன் கட்டிய விமானத்துக்கோ மனமே முதற்பகையாயிற்று.

விமானம் தோன்றிய முதல் இருபது ஆண்டுகளில் முகிலுட் புகுந்த விமானிகள் பலர் மீளவில்லை. திறமைக் குறைவே காரணமென அக்காலத்தார் எண்ணினர். நல்ல விமானி தன் உடலுணர்வாலேயே விமானத்தின் நிலையை அறிவான் என்பது அவர்தம் உறுதியான நம்பிக்கை. அந்நம்பிக்கையைத் தகர்த்தது ஒரு சுழல்நாற்காலி. உட்செவியின் சமநிலை உறுப்பை ஆராய்ந்து 1914 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்ற ரொபேட் பராணியின் பெயரால் அது வழங்கப்பட்டது. 1926 இல் அமெரிக்கப் படை விமானி வில்லியம் ஒக்கர் கண்ணை மூடி அதில் அமர்ந்தார். நாற்காலி சீராகச் சுழன்றபோது சிறிது நேரத்தில் அது நின்றுவிட்டதென அவர் உணர்ந்தார். வேகம் குறைக்கப்பட்டபோது எதிர்ப்புறம் சுழல்வதாக உணர்ந்தார். அனுபவமிக்க விமானியொருவர் தம் உடலால் முற்றிலும் ஏமாற்றப்பட்டார். உட்செவியின் அரைவட்டக் குழாய்களிலுள்ள நீர்மம் சுழற்சியின் மாற்றத்தை மட்டுமே உணர்த்தும். மாறாத சுழற்சி அதற்கு அமைதியே. ஆகவே முகிலுள் மெல்லச் சாய்ந்து திரும்பும் விமானத்தில் இருப்பவனுக்குத் தான் நேரே செல்வதாகவே தோன்றும். உயரம் குறைவதைக் கண்டு அவன் முன்புறத்தை உயர்த்த முயல, சாய்வு மேலும் இறுகி விமானம் சுருள்வழியாகக் கீழிறங்கும்.

இதன் கொடுமையை அளந்து காட்டிய பரிசோதனை ஒன்று 1954 இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேர், வெளியே பார்க்க இயலாதவாறு மறைக்கப்பட்ட நிலையில் விமானத்தை ஓட்டுமாறு பணிக்கப்பட்டனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அவ்வாறு இழப்பதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடிகள். அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பக்கத்திலிருந்த போதனாசிரியர் உடன் மீட்டமையால் உயிர்கள் தப்பின.

கருவியை நம்பிப் பறக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் ஜேம்ஸ் டூலிற்றில். 1929 செப்டெம்பர் 24 ஆம் நாள், நியூயோர்க்கை அடுத்த மிச்சல் விமானத்தளத்தில், மூடியிட்ட இருக்கையினுள் இருந்தவாறே அவர் விமானத்தை எழுப்பி, பதினைந்து நிமிடம் பறந்து, மீளத் தரையிறக்கினார். முன்னிருக்கையில் காவல் விமானியாக இருந்த பெஞ்சமின் கெல்சி தம் கைகளை வெளியே தெரியுமாறு வைத்திருந்தார் என்பர். கீழே நின்றோருக்கு ஐயம் எழாதிருக்கும்பொருட்டு. ஸ்பெரி வடிவமைத்த செயற்கை அடிவானமும் சுழல்திசைகாட்டியும், கோல்ஸ்மன் ஆக்கிய நுண்ணிய உயரமானியும், தரையிலிருந்து வந்த வானொலிக் கற்றையுமே அன்று அவருக்குத் துணை. இன்றைய விமானங்களில் இவற்றின் வழித்தோன்றல்கள் வண்ணத்திரையில் விளங்குகின்றன; கருத்து மாறவில்லை.

ஈண்டு இன்னொரு செய்தி நோக்கத்தக்கது. இன்று இளைஞர் விளையாட்டாகப் பயிலும் பறப்புப் பாவனைப்பொறி, கருவிப் பறப்பைக் கற்பிக்கும் தேவையினாலேயே உலகிற் கால்கொண்டது. நியூயோர்க் மாநிலத்துப் பிங்கம்ரன் நகரில் இசைக்கருவித் தொழிலகக் குடும்பத்திற் பிறந்த எட்வின் லிங்க், ஓகன் என்னும் காற்றிசைப் பெட்டியின் துருத்திகளைக் கொண்டே 1929 அளவில் தம் முதற் பயிற்சிப்பொறியைச் செய்தார். சிறிய இறக்கைகளோடு கூடிய அது முதலிற் பெரும்பாலும் கேளிக்கைக் காட்சிகளுக்கே விலைபோயிற்று. 1934 இல் அமெரிக்கப் படை விமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்று, குளிர்காலப் புயலிலும் முகிலிலும் அகப்பட்டுப் பலர் மாண்டபோதே அரசு விழித்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே லிங்கின் பொறிகள் ஆறு வாங்கப்பட்டன. மூடியைச் சாத்தியதும் பயில்வோனுக்கு வெளியுலகம் இல்லை; முகப்பிலுள்ள முட்களே உலகம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேசநாடுகளின் விமானிகள் இலட்சக்கணக்கானோர் இப்பெட்டியுள் அமர்ந்து பயின்றனர்.

அப்போர் கொட்டியார வானுக்கும் வந்தது. 1942 ஏப்பிரல் 4 ஆம் நாள், தென்னிலங்கையின் கொக்கலை ஏரியிலிருந்து எழுந்த கற்றலீனா நீர்விமானம் ஒன்று, கனடிய விமானி லெனாட் பேர்ச்சலின் தலைமையில், இலங்கைக்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவிற் கடற்காவல் புரிந்துகொண்டிருந்தது. கடமை முடிந்து திரும்பும் வேளையில் அவர்தம் வழிக்கணிப்பாளர், நிலவு எழுந்ததும் அதனை அளந்து தம் இடத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ள விரும்பி, இன்னும் ஒரு சுற்றுப் பறக்குமாறு வேண்டினார். அந்தச் சுற்றிலேயே தொடுவானத்திற் புள்ளிகள் தென்பட்டன. அவை யப்பானியப் பெருங் கப்பற்படை. விமானம் சுட்டு வீழ்த்தப்படும் முன்னர் வானொலியில் எச்சரிக்கை போயிற்று. பகைவரைக் கண்டது கண்ணே. ஆயினும் நிலவை அளக்கும் கருவியும் கணிப்பும் இல்லாத வெறுங்கண், திசையற்ற நடுக்கடலில் எதனைக் கண்டாலும் அது எங்கேயுள்ளது எனச் சொல்லமாட்டாது. இடத்தை அறியும் ஆவலே அங்கு கண்ணுக்கும் வேலை கொடுத்தது.

மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. ஏப்பிரல் 9 ஆம் நாள் திருக்கோணமலை தாக்கப்பட்டபோது, கரையிலிருந்த றேடார் நிலையம் பகைவிமானங்களைத் தொலைவிலேயே உணர்ந்தமையால், சீனன்குடாவின் ஹரிக்கேன் விமானங்கள் முன்னரே வானில் எழுந்திருந்தன. எனினும் துறைமுகமும் தளமும் பெருஞ்சேதமுற்றன. துறைமுகத்தை விட்டு முன்னிரவே விலகிச் சென்றிருந்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன்னைக் காக்கத் தன் விமானம் ஒன்றேனும் இன்றி, மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அதனுடன் மாண்டனர்.

சீனன்குடாவின் வரலாற்றில் மிக நீண்ட பறப்பு அதற்கு இரண்டாண்டின் பின் நிகழ்ந்தது. 1944 ஓகஸ்ற் 10 ஆம் நாள் மாலை, நீட்டப்பட்ட ஓடுபாதையிலிருந்து அமெரிக்காவின் பி 29 வகைக் குண்டுவீச்சு விமானங்கள் 54, சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கி எழுந்தன. போய்வரும் தொலைவு ஏறக்குறைய 3,900 மைல். இடையில் இறங்க இடமில்லை. இரவு முழுதும் இந்துமாக்கடலின்மேற் கருவிகொண்டே வழி கண்டனர். இலக்கை அடைந்தவை 39. அங்கோ நிலத்தை முகில் மூடியிருந்தது. ஒரு சாரார் மேலே நின்று றேடாரினாலும் முகில் விலகிய இடத்துக் கண்ணாலும் குறிபார்த்துக் குண்டு வீசினர். எட்டு விமானங்கள் முகிலுக்குக் கீழ், ஆயிரம் அடிக்கும் தாழ்ந்து, மூசி ஆற்றின் வழியைக் கண்ணாற் கண்டு நீர்க்கண்ணிகளை இட்டன. ஒரே இரவில், ஒரே படையில், இரு நெறிகளும் அவ்வாறு கைக்கொள்ளப்பட்டன. சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேர்ந்த சேதம் சிறிதே என்பது பின்னர் தெரியவந்தது. திரும்பும் வழியில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து, சீனன்குடாவை எட்டுமுன் கடலில் இறங்கிற்று.

போர் முடியுமுன்னரே நாடுகள் கூடி வான்வழிக்குப் பொதுவிதி வகுக்க முற்பட்டன. 1944 டிசெம்பர் 7 ஆம் நாள் சிக்காகோ உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன்வழித் தோன்றிய பன்னாட்டுக் குடிசார் வான்பயண நிறுவனம் 1948 இல் வான்விதிகளை இரண்டாம் இணைப்பாக ஏற்றுக்கொண்டது. அவ்விதிகளின் இன்றைய அளவுகளை நோக்கின் அவற்றின் பின்னுள்ள அச்சம் விளங்கும். பத்தாயிரம் அடிக்குக் கீழே கட்புல நெறியிற் பறப்போனுக்கு 5 கிலோமீற்றர் வரையேனும் பார்வை தெளிவாக இருத்தல் வேண்டும். பொதுவாக அவன் முகிலிலிருந்து கிடையாக 1,500 மீற்றரும் மேலாகவோ கீழாகவோ 1,000 அடியும் விலகி நிற்றல் வேண்டும். முகிலைத் தொடாதிருந்தாற் போதாதா எனின், போதாது. முகிலினுள்ளிருந்து கருவி நெறியில் வரும் விமானம் ஒன்று எக்கணமும் வெளிப்படலாம். அதனைக் கண்டு விலகுதற்கு வேண்டிய நேரமே அந்த இடைவெளி.

உயரங்களையும் இவ்வாறே பங்கிட்டனர். காந்தவடக்கிலிருந்து கிழக்குப் பாதியை நோக்கிச் செல்வோர் ஒற்றைப்பட்ட ஆயிரங்களிலும் மேற்குப் பாதியை நோக்கிச் செல்வோர் இரட்டைப்பட்ட ஆயிரங்களிலும் பறப்பர். கட்புல நெறியினர் அதனுடன் 500 அடி கூட்டிக்கொள்வர். சீனன்குடாவிலிருந்து கிளிவெட்டியின் அயலாகத் தென்கிழக்கே மட்டக்களப்பை நாடுவோன் கருவி நெறியினனாயின் 5,000 அடியும் கட்புல நெறியினனாயின் 5,500 அடியும் கொள்ளலாம். திரும்புங்கால் 4,000, 4,500 என்பன அவனுக்குரியன. எதிரெதிர் வருவோர் ஒரே உயரத்திற் சந்தியாமைக்கு இஃது எளிய ஏற்பாடு.

ஆயினும் கண்ணுக்கும் எல்லையுண்டு. 1956 யூன் 30 ஆம் நாள் அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேலே இரண்டு பெரும் பயணிகள் விமானங்கள் மோதி 128 பேரும் மாண்டனர். அவற்றுள் ஒன்று, முகிலின் உச்சிக்கு ஆயிரம் அடி மேலே பறக்க அனுமதி கேட்டுப் பெற்றிருந்தது. அவ்வனுமதியோடு மற்றையதைக் கண்டு விலகும் பொறுப்பும் விமானிகளுக்கே வந்து சேர்ந்தது. ஒருவரை ஒருவர் கண்டிருந்தால் விலகியிருப்பர். குவிந்தெழுந்த முகில்களிடையே காணவில்லை.

இலங்கை மண்ணில் நேர்ந்த துயரம் இவ்வாராய்ச்சிக்கு இன்னும் அண்மையது. 1974 டிசெம்பர் 4 ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரையும் பணியாளர் ஒன்பதின்மரையும் ஏற்றிய மார்ட்டினெயர் நிறுவனத்தின் டீ.ஸீ. 8 விமானம், இடையில் தரிப்பதற்காகக் கட்டுநாயக்காவை நோக்கிக் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. தன் இடத்தை அறிய அது நம்பியிருந்தவை இரண்டு: டொப்ளர் கருவியும் வானிலை றேடாரும். டொப்ளர் என்பது கீழே அலைகளை அனுப்பி, அவை மீளும்போது அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றத்தால் வேகத்தையும் ஒதுக்கத்தையும் கணிப்பது. நெடுநேரக் கணிப்பிற் சிறுபிழைகள் ஒன்றன்மேலொன்று சேரும். அமைதியான கடற்பரப்பின்மேல் மீளொலி நலிந்து பிழை பெருகுவதும் உண்டு. வானிலை றேடாரோ நிலத்தின் சாயலைக் காட்டும். அச்சாயல் எந்தக் கரை, எந்த மலை என்பதைப் பார்ப்பவனே பொருத்திக்கொள்ள வேண்டும்.

கட்டுப்பாட்டு நிலையம் 5,000 அடிக்கு இறங்க அனுமதித்தது. விமானத்தளத்துக்குப் பதினான்கு மைல் தொலைவில் இருப்பதாக விமானம் அறிவித்தது. 2,000 அடிக்கு இறங்கவும் விமானத்தளம் கண்ணிற் பட்டதும் அறிவிக்கவும் மறுமொழி வந்தது. உண்மையில் விமானம் கட்டுநாயக்காவிற்குக் கிழக்கே ஏறக்குறைய நாற்பது கடல்மைல் தொலைவில், மலைநாட்டின்மேல் நின்றது. ஏழு முகடுகளையுடைய சப்தகன்னி மலையின் சரிவில் 4,355 அடி உயரத்தில் அது மோதிற்று. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விமானம் தன் இடத்தைப் பிழையாக இனங்கண்டமையே காரணமென்றும், டொப்ளரிலும் வானிலை றேடாரிலும் தங்கியிருந்தமை அப்பிழைக்கு இடமளித்ததென்றும் விசாரணை கருதியது.

இந்நிகழ்ச்சியைக் கருவியின் தோல்வி எனக் கூறிவிட்டு அப்பாற் செல்வது பொருந்தாது. கருவி நெறியின் அடிப்படை, ஒரு கருவியை நம்புவதன்று. ஒன்றன் சாட்சியத்தை மற்றொன்றால் ஒப்புநோக்குவது. மலைப்பிரதேசத்தில், அயலிலுள்ள மிகவுயர்ந்த தடைக்கும் மேலே 2,000 அடி பேணப்படல் வேண்டுமென்பதே பொதுவிதி. தரையிலுள்ள நிலையமொன்றால் இடம் உறுதியாகும்வரை அவ்வுயரத்தைக் கைவிடாதிருப்பதே அதன் பயன். இலங்கையின் அதியுயர் முகடான பிதுருதலாகல 8,281 அடி என்பதைக் கொள்ளின், மலைநாட்டின் நடுவே அவ்வுயரம் பத்தாயிரத்துக்கும் மேலாகும். அன்றைய இரவில் கருவியின் பெயரால் ஓர் ஊகம் ஆட்சி செய்தது. இறுதியில், "கண்ணிற் பட்டதும் அறிவிக்க" என்ற கட்டளையோடு, ஒளியற்ற மலைகளின் மேலே பொறுப்பின் ஒரு பாதி கண்ணுக்கும் மாறியது. இரு நெறிகளுக்கும் இடையிலான எல்லையில் விமானம் நின்றதை அதிலிருந்தோர் அறிந்திலர். நான்காண்டின் பின் 1978 நவம்பர் 15 ஆம் நாள், கட்டுநாயக்காவில் கருவிமுறையில் இறங்க வந்த ஐஸ்லாந்து விமானமொன்று தென்னந்தோப்பில் வீழ்ந்து 183 பேர் மாண்டனர். ஜித்தாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹஜ் யாத்திரிகரே அவர்களிலும் பெரும்பாலோர். உயரத்தையும் இறங்கு வேகத்தையும் விமானிகள் சரிபார்க்கவில்லை என்றது இலங்கை விசாரணை. தரையிலிருந்த இறங்குகற்றையின் குறைபாட்டைச் சுட்டியது ஐஸ்லாந்துத் தரப்பு.

1982 இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் முதற் பறப்புப் பாவனை நிரலை வெளியிட்டது முதல், லிங்கின் பெட்டி வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. இன்று திருக்கோணமலை மாணவனொருவன் சீனன்குடாவைத் திரையில் வரவழைத்து, பறப்புத் திட்டத்தில் கட்புல நெறிக்கு 'வி' என்றோ கருவி நெறிக்கு 'ஐ' என்றோ ஆங்கில எழுத்தைக் குறித்துப் புறப்படலாம். அவனுக்குக் கருவி நெறியே எளிதாகத் தோன்றும், அதில் வியப்பில்லை. அசையாத நாற்காலியில் இருப்பவனின் உட்செவி அவனை ஏமாற்றுவதில்லை. ஒக்கரைத் திகைக்கவைத்த சுழற்சி அவனுக்கு இல்லை. முட்களை நம்புவதற்கு அவன் தன் உடலோடு போராட வேண்டியதும் இல்லை. மாறாகக் கட்புல நெறியே திரையில் அரிது. தலையைத் திருப்பினால் தெரியும் அகன்ற வானம் சிறு சதுரத்துள் அடங்கிவிடுகின்றது. ஐந்து கிலோமீற்றர் என்பது எவ்வளவு என அவன் கண் பழகியிருப்பதில்லை. ஆகவே பாவனைப்பொறி கற்பிக்கும் இரு நெறிகளும், வெவ்வேறு விதத்தில், பாதியளவினவே. சீனன்குடாவில் இலங்கை வான்படையின் கல்விக்கழகத்தில் உண்மை விமானத்தில் ஏறுவோன் முதற் சில மணிநேரத்தில் அறியும் உடல்மயக்கத்தை, திரைமுன் இருப்போன் வரலாற்றிலிருந்தே அறிய வேண்டியிருக்கின்றது.

இலினோயில் நடந்த அப்பரிசோதனையின் இரண்டாம் பகுதி பலராற் பேசப்படுவதில்லை. கட்டுப்பாட்டை இழந்த அதே மாணவர்க்கு, முகிலிற் புகுந்தவுடன் செய்யவேண்டிய ஒரே செயல் கற்பிக்கப்பட்டது: கருவியைப் பார்த்து, மெல்ல, வந்த வழியே திரும்புதல். அதன்பின் அவர்கள் ஏறத்தாழ எல்லா முறையும் தப்பினர். கட்புல நெறியிற் சீனன்குடாவிலிருந்து புறப்பட்டவன், மாரிக்காலத்துப் பிற்பகலொன்றில், அல்லைக்குளத்தின் நீர்ப்பரப்பு முன்னே மழையுள் மறையக் காண்பானாயின், பின்னே குடாவின் கரை இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். விநாடிக்கு மூன்று பாகை என்னும் வழமையான வீதத்தில் அக்கரையை நோக்கித் திரும்புவதற்கு ஒரு நிமிடம் செல்லும்.